என்ன சாப்பிட்டாய் என்று கேட்காதீர்கள்

அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணிகளின் கையில் இளஞ்சிவப்பு நிறப் புத்தகம் ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் அக்காவோ அண்ணியோ சித்தியோ அதை வைத்திருக்கலாம். அதில் வண்ண அடையாளம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். வெள்ளை என்றால் பெரிய ஆபத்து எதுவும் தெரியவில்லை. பச்சை என்றால் கிளினிக் மருத்துவர் கவனிக்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணர் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் இளம் தம்பதியின் புத்தகம் 31-வது வாரத்தில் ஒரே நாளில் சிவப்புக்கு மாறியது. அது அவர்களின் முதல் குழந்தை. வழக்கமான பரிசோதனைக்குத்தான் போனார்கள். இரத்த அழுத்தம் 168/112 என்று காட்டியது. சிறுநீரில் புரதம் இருந்தது. தலைவலி உண்டா என்று தாதி கேட்டார். இரண்டு நாளாக இருக்கிறது என்றார் அந்தப் பெண். பக்கத்தில் நின்ற கணவருக்கே அது புதுச் செய்தி.

ஏன் சொல்லவில்லை? கால் வீங்கியபோதே வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. “கருவாடு, ஊறுகாய் வேண்டாம்னு சொன்னேனே, கேட்டியா?” என்றார் ஒருவர். “வயித்துப் பிள்ளையோட வேலைக்குப் போனா இப்படித்தான்” என்றார் இன்னொருவர். தலைவலி என்று சொன்னால் இன்னும் ஒரு திட்டு விழும் என்று அவர் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தலைவலிதான் உடல் கொடுத்த முக்கியமான எச்சரிக்கை.

என் கருத்து இதுதான்: கர்ப்பகாலத்தில் சிக்கல் வரும்போது “நீ என்ன செய்தாய்?” என்று தாயைக் கேட்பது அறிவியலுக்குப் பொருந்தாது. அதோடு அது ஆபத்தானதும்கூட.

அவருக்கு வந்த நோயின் பெயர் பிரிஎக்ளாம்ப்சியா. பொதுவாக 20 வாரங்களுக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறுவதோ, கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவதோ இதன் அடையாளம். உலகில் 100 கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை இது வருகிறது. முற்றினால் வலிப்பு வரும். தாயும் சேயும் இறக்கவும் கூடும்.

இது எங்கே தொடங்குகிறது? நஞ்சுக்கொடியைப் பற்றி உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் கருப்பைச் சுவருக்குள் நுழைந்து, அங்குள்ள சுருள் வடிவத் தமனிகளை அகலமாக்குகின்றன. வளரும் குழந்தைக்குத் தேவையான இரத்தம் தடையின்றி வர வேண்டும் அல்லவா? சிலருக்கு இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. தமனிகள் குறுகலாகவே இருந்துவிட, நஞ்சுக்கொடிக்குப் போதிய இரத்தம் கிடைப்பதில்லை.

அதனால் தாய்க்கு ஏன் இரத்த அழுத்தம் ஏற வேண்டும்? இதற்கு முக்கியமான விடை 2003-ல் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆய்வு செய்த டாக்டர் ஆனந்த் கருமஞ்சியும் அவருடைய குழுவினரும் அதை வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்ட நஞ்சுக்கொடி ஒரு வகைப் புரதத்தை அளவுக்கு அதிகமாகத் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவரை நலமாக வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. உட்சுவர் கெடுகிறது, அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகத்தின் வடிகட்டிகள் புரதத்தை ஒழுகவிடுகின்றன. கர்ப்பமான எலிகளுக்கு அந்தப் புரதத்தைக் கொடுத்தபோது அவற்றுக்கும் இதே போன்ற பாதிப்பு வந்தது.

இப்போது காலக்கணக்கைப் பாருங்கள். கருவாட்டைப் பற்றிய சண்டை ஏழாம் மாதத்தில் நடந்தது. நஞ்சுக்கொடியில் கோளாறு தொடங்கியதோ வயிறு வெளியே தெரிவதற்கும் முன்பு. உப்பைக் குறைப்பதாலோ வீட்டில் படுத்தே கிடப்பதாலோ இந்த நோயைத் தடுக்க முடியும் என்பதற்குச் சான்று இல்லை. அவற்றை இதற்கான தடுப்பு முறையாக உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நஞ்சுக்கொடி கருவிலிருந்து உருவாகிறது. ஆகவே அதன் மரபணுக்களில் பாதி தந்தையுடையவை. நார்வே நாட்டின் பிறப்புப் பதிவேடுகளை அலசி 1998-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு பெண்ணின் கர்ப்பத்தில் இந்த நோய் வந்திருந்தால், அதே ஆண் வேறொரு பெண்ணின் மூலம் தந்தையாகும்போதும் அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று காட்டியது. “மருமகள் உடம்பு சரியில்லை” என்று பேசுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும்.

“அப்படியானால் உணவு, உடல் எடை எல்லாம் முக்கியமே இல்லையா?” என்று நீங்கள் கேட்கலாம். முக்கியம்தான். உடல் பருமன், நீரிழிவு, ஏற்கெனவே உள்ள உயர் இரத்த அழுத்தம் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. கர்ப்பத்துக்கு முன்பே அவற்றைக் கவனிப்பது நல்லது. ஆனால் முதல் கர்ப்பம் என்பதும் ஓர் ஆபத்துக் காரணிதான். வயிற்றில் இரட்டைக் குழந்தைகள் இருப்பதும், தாய்க்கோ சகோதரிக்கோ இந்த நோய் வந்திருப்பதும் அப்படியே. இவற்றுக்கெல்லாம் யாரைத் திட்டுவது? ஆபத்துக் காரணி என்பது யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்பு. அதைக் குற்றப் பத்திரிகையாக மாற்றுவது நாம்தான்.

அந்தத் தம்பதியிடம் திரும்பி வருவோம். மருத்துவமனையில் அந்தப் பெண்ணுக்கு அழுத்தத்தைக் குறைக்க மருந்து கொடுத்தார்கள். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடத்தப்பட்டு 2002-ல் வெளியான ஆய்வில், வலிப்பு வரும் ஆபத்தை இந்த எளிய உப்பு பாதிக்கும் மேல் குறைத்தது. மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் தீயாகச் சுட்டது என்றார் அவர். தாதி அடிக்கடி சிறு சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்ப்பார். மெக்னீசியம் அளவு மீறினால் முழங்கால் துடிப்பு முதலில் மறையும். மூச்சு பாதிக்கப்படுவதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கை அது.

குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இதன் கதை நியூசிலாந்தில் ஆட்டுக்குட்டிகளிடம் தொடங்கியது. குறைமாதத்தில் பிறந்த குட்டி ஒன்று எதிர்பார்த்ததைவிட நன்றாக மூச்சுவிட்டதைக் கவனித்தார் லிகின்ஸ் என்ற விஞ்ஞானி. அதற்கு ஸ்டீராய்டு காரணமாக இருக்கலாம் என்று நினைத்தார். அவரும் ஹவி என்ற குழந்தை மருத்துவரும் கர்ப்பிணிகளிடம் அதைச் சோதித்து 1972-ல் முடிவை வெளியிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறல் குறைந்தது.

இவ்வளவு இருந்தும் நோயை முடிவுக்குக் கொண்டுவர ஒரே வழி பிரசவம்தான். நஞ்சுக்கொடி வெளியே வர வேண்டும். அங்கேதான் அந்த இருவரின் தவிப்பு. குழந்தைக்கு வயிற்றுக்குள் ஒவ்வொரு நாளும் லாபம். தாய்க்கோ ஒவ்வொரு நாளும் ஆபத்து. “ஒன்றும் ஆகாது” என்று மருத்துவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இன்றைய அழுத்தம் இவ்வளவு, இரத்தப் பரிசோதனை இப்படி, குழந்தையின் இதயத் துடிப்பு இப்படி, நாளை காலை மறுபடி பார்ப்போம் என்பார். முதலில் அது கணவருக்குக் கோபமூட்டியது. பிறகு அவரே எண்களைக் கைப்பேசியில் குறித்துவைக்கத் தொடங்கினார். “பொய்யான ஆறுதலைவிட அந்த எண்கள்தான் எனக்குத் தூக்கம் கொடுத்தன” என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

ஆறு நாள் தாங்கியது. ஏழாம் நாள் அறுவைச் சிகிச்சை. 1.4 கிலோ எடையில் மகள் பிறந்தாள். பல வாரம் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

நம் நாட்டில் 1991 முதல் தாய் இறப்புகள் இரகசியமாக விசாரிக்கப்பட்டு வருகின்றன. பெயரை வெளியிடுவதில்லை, யாரையும் குற்றம் சாட்டுவதில்லை என்பது அந்த விசாரணையின் கொள்கை. தண்டனை வரும் என்ற பயம் இருந்தால் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். உண்மை தெரியாவிட்டால் அடுத்த தாயைக் காப்பாற்ற முடியாது. இறப்பையே இப்படி விசாரிக்க முடிகிறது என்றால், உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் கால் வீக்கத்தைப் பற்றி நம் வீட்டில் குற்றம் சாட்டாமல் பேச முடியாதா?

மாணவர்களே, நீங்கள் மருத்துவராக வேண்டியதில்லை. கேள்வியை மாற்றினால் போதும். “என்ன சாப்பிட்டீங்க?” என்பதற்குப் பதிலாக, “தலைவலி இருக்கா? கண் மங்குதா? மேல்வயிறு வலிக்குதா? முகமும் கையும் திடீர்னு வீங்கியிருக்கா? பிள்ளை வழக்கம்போல அசையுதா?” என்று கேளுங்கள். ஒன்றில் மாற்றம் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். குழந்தை பிறந்த பிறகும் ஆறு வாரம் வரை இந்த நோய் வரலாம் என்பதால் அப்போதும் கேளுங்கள்.

அடுத்த கர்ப்பத்துக்கும் வழி உண்டு. ஆபத்து அதிகம் என்று கண்டறியப்பட்ட பெண்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே தினமும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-ல் வெளியானது. 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் செய்ய வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும் பிரிஎக்ளாம்ப்சியா, போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 4.3 பேருக்கு வந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் அது 1.6. மருத்துவர் சொல்லாமல் யாரும் இதைச் சாப்பிடக் கூடாது. ஆனால் மருத்துவரிடம் கேட்கலாம். முதல் கர்ப்பத்தில் நடந்ததை வெட்கப்படாமல் சொல்லக்கூடியவர்தான் அதைக் கேட்பார்.

குழந்தைக்குத் தொட்டில் போட்ட அன்று, வந்திருந்த உறவினர் ஒருவர் பழைய பேச்சை மறுபடி எடுத்தார்: “அப்படி என்னதான் சாப்பிட்டா?” மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த கணவர் நிதானமாகச் சொன்னார்: “நஞ்சுக்கொடியில பாதி என் பங்கு, அத்தை. நான் என்ன சாப்பிட்டேன்னும் கேளுங்க.”