விரல் தேய்ந்தவன் ஆள் இல்லையா?



ரேஷன் கடையில் விரலை வைக்கிறோம். பொருந்தவில்லை. "கையைத் துடைச்சிட்டு வைம்மா" என்கிறார் கடைக்காரர். மறுபடியும் இல்லை. "சர்வர் இல்லை, நாளைக்கு வா." நாளைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி பெங்களூர் போகிறவர்களுக்கு இதன் விலை தெரியும்.

"சர்வர் இல்லை" என்பது பல நேரம் உண்மையல்ல. அந்த மெஷின் செய்வதைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் அது தன்னை நிரூபித்தாக வேண்டும். ஆதார் ஆணையத்தில் பதிவான கருவிதான், கள்ளக் கருவியல்ல என்று காட்ட, அதற்குள் ரகசியச் சாவி ஒன்று இருக்கிறது. அதன் கையெழுத்து செல்லுபடியானால்தான் மேற்கொண்டு பேச்சு. பிறகு நம் ரேகையைப் பூட்டி, ஆதார் எண்ணோடு மத்தியக் கிடங்குக்கு அனுப்புகிறது. ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே கிளை பிரிகிறது என்று பார்த்து, அந்த எண்ணுக்கு எதிரே முன்பு பதிந்த ரேகையோடு அங்கே ஒப்பிடுகிறார்கள். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் வருகிறது.

ஒரே விரல் இரண்டு முறை அச்சு அசலாகப் பதியாது. எனவே "இவ்வளவு பொருந்தினால் போதும்" என்று ஒரு கோடு கிழிக்கிறார்கள். கோட்டை உயர்த்தினால் திருடன் நிற்பான், உரியவனும் நிற்பான். தாழ்த்தினால் இருவரும் நுழைவார்கள். எங்கே கிழித்தாலும் தவறு உண்டு. அந்தத் தவறை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கேள்வி, அது அரசியல் கேள்வி.

யாருடைய ரேகை தேய்கிறது? பேனா பிடித்தவனுடையதா? சுரங்கத்தில் துளை போட்டவன், சிமெண்ட் குழைப்பவன், வீட்டு வேலையில் பாத்திரம் தேய்ப்பவள், இவர்கள் ரேகைதான். 2001ல் சுரங்கத்தை மூடினார்கள். அங்கே உழைத்துத் தேய்ந்த விரலை இன்று "நீ நீயல்ல" என்கிறார்கள்!

இந்தச் சண்டை நமக்குப் புதிதல்ல. 1930ல் இதே தங்கவயலில் கைரேகைப் பதிவை எதிர்த்து நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கும் முன்பு டிரான்ஸ்வாலில், 1907ம் ஆண்டுச் சட்டம் ஆசியர்களிடம் ரேகை கேட்டபோது, காந்தியோடு தம்பி நாயுடுவும் திரளான தமிழரும் சிறை சென்றார்கள். 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் பதிவுச் சான்றுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள்.

போலி கார்டு ஒழிய வேண்டாமா என்பார்கள். ஒழியட்டும். ஆனால் வந்தது யார் என்று சொல்லும் மெஷின், தராசில் எத்தனை கிலோ குறைந்தது என்று சொல்லுமா? இன்னொன்று: கடவுச்சொல் திருடு போனால் மாற்றலாம், விரலை எங்கே போய் மாற்றுவது?

நான் ரயில்வே குமாஸ்தா. டிக்கெட் இல்லாத பயணியிடம் அபராதம் வாங்கினால்கூட எங்கள் இலாகாவில் ரசீது எழுதித் தர வேண்டும். அரிசி மறுப்பதற்கு மட்டும் ரசீது கிடையாதாம்!

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. ரேகை பொருந்தாவிட்டால் வேறு வழியில் பொருள் கொடு, விவரத்தைப் பதிவேட்டில் எழுது என்று 2017 அக்டோபர் 24ம் தேதியே ஆதார் ஆணையம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மானியங்களுக்கு ஆதாரை அனுமதித்த 2018 செப்டம்பர் 26 தீர்ப்பிலும், பொருந்தாத காரணத்தால் உரியவருக்கு மறுக்கக் கூடாது என்றே உச்சநீதிமன்றம் சொன்னது. இவையெல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. கடைக்காரர் காட்டமாட்டார், நாம்தான் காட்ட வேண்டும்.

ஆகவே, இனி "சர்வர் இல்லை" என்றால் திரும்பி வராதீர்கள். திரையில் என்ன எண் விழுந்தது என்று கேளுங்கள். 300 என்றால் ரேகை பொருந்தவில்லை என்று அர்த்தம், லைன் பழுதல்ல. செல்லுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கேளுங்கள், கார்டிலுள்ள வேறொருவர் விரலை வையுங்கள், அதுவும் ஆகாவிட்டால் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் தேதி, கடை எண், திரையில் விழுந்த எண் மூன்றையும் சங்க நோட்டில் எழுதிப் போடுங்கள். ஐம்பது வரி சேர்ந்ததும் தாசில்தார் ஆபீசுக்கு எல்லோரும் சேர்ந்தே போவோம்.