பங்கில்லாத பங்காளிகள்

உணவையும் மளிகையையும் வீடுவீடாகக் கொண்டு சேர்க்கும் இளைஞரைச் செயலி நிறுவனங்கள் தொழிலாளி என்று அழைப்பதில்லை. அவர்களுடைய அகராதியில் அவர் ‘டெலிவரி பார்ட்னர்’. கட்சி ஆவணங்களைத் தமிழாக்கும்போது இச்சொல் எதிர்ப்படும் இடமெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. பங்காளி என்பதா, கூட்டாளி என்பதா? தமிழில் பங்காளி என்பவர் பாகம் கேட்டு வழக்காடும் உரிமை படைத்தவர். பாட்டன் நிலத்தில் ஒரு குழி குறைந்தாலும் பஞ்சாயத்தைக் கூட்டிவிடுவார். இந்தப் பங்காளிக்கு எதில் பங்கு? வண்டி அவருடையது, அதன் மாதத் தவணையும் அவருடையது. பெட்ரோல், கைபேசி, இணையக் கட்டணம், சாலையில் விழுந்தால் கட்டுப்போடும் செலவு ஆகிய அனைத்தும் அவர் தலையில். ஒரு பொட்டலத்தைக் கொண்டு சேர்த்தால் என்ன கூலி என்பதை மட்டும் நிறுவனம் தீர்மானிக்கும்.

2023 ஏப்ரலில் தில்லி வட்டாரத்தில் பிளிங்கிட் நிறுவனம் ஒரு விநியோகத்துக்கு அளித்துவந்த 25 ரூபாய் அடிப்படைத் தொகையை 15 ரூபாயாக வெட்டியது. பங்காளிகளை அழைத்துக் கலந்து பேசியா வெட்டியது? செயலியில் கணக்கு மாறியது, அவ்வளவே. வெகுண்ட இளைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, கிடங்குகள் பல மூடிக் கிடந்தன. கூலி வெட்டு, வேலைநிறுத்தம், கதவடைப்பு! நூறாண்டுகளாகத் தொழிற்சங்கங்கள் அறிந்த காட்சிதானே இது?

நிறுவனங்களின் சொல்விளையாட்டுக்கு ஒன்றிய அரசு சட்டத்தின் முத்திரையையும் குத்திக் கொடுத்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு (2020), ‘மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே’ உழைத்து ஈட்டுபவரே கிக் தொழிலாளி என்கிறது. எது மெய்ப்பிக்கப்பட வேண்டுமோ அதை வரையறையிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஊதியம், தொழிலுறவு, பணியிடப் பாதுகாப்பு பற்றிய மற்ற மூன்று தொகுப்புகளிலும் இவருக்கு இடமில்லை. குறைந்தபட்சக் கூலியும் இல்லை, வேலைநேர வரம்பும் இல்லை.

மாற்றாகத் தரப்படுவது ஒரு நிதியம். நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு செலுத்த வேண்டும். அதுவும் தொழிலாளர்களுக்கு வழங்கும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இதன் பயனைப் பெற ஆண்டில் ஒரு நிறுவனத்தில் 90 நாளோ, பல நிறுவனங்களில் சேர்த்து 120 நாளோ உழைத்திருக்க வேண்டும் என்கின்றன வரைவு விதிகள். தொழிலாளி அல்லாதவருக்கு வருகைப் பதிவேடு எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. நிறுவனத்துக்கு இச்சட்டம் சூட்டிய பெயரைத் தமிழில் ‘திரட்டுநர்’ என்கிறோம். நம் மொழியில் தனிப்பாடல்களைத் திரட்டியவர்கள் உண்டு. பாடியவனிடம் பாட்டுக்கு இவ்வளவு என்று கழிவு பிடித்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

“அவர்கள் விரும்பும்போது வருகிறார்கள், விரும்பாதபோது போகிறார்கள், எப்படித் தொழிலாளியாவார்கள்?” என்பது முதலாளிகளின் வாதம். இது புதியதன்று. ஆந்திரத்தின் சில்வர் ஜூபிலி தையற்கடை வழக்கில் இதே வாதம் 1973இலேயே உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. வேலை இருந்தால் வருவார்கள், நாள் முழுதும் இருக்கவேண்டிய கட்டாயமில்லை, தைத்த உருப்படிக்குத்தான் கூலி. ஆயினும், தையல் சரியில்லையெனில் பிரித்துத் தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்காரரிடம் இருந்ததைச் சுட்டி, அவர்கள் பணியாளர்களே என்றது நீதிமன்றம். 1978இல் கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி மேலே போனார்: ஒருவருடைய பிழைப்பின் மீது பொருளாதாரக் கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி, இடையில் தொங்கும் ஒப்பந்தத் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணையும் 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் பணியாளர் என்றே ஏற்றது. முறத்தை மடியில் வைத்திருந்தவருக்குக் கிடைத்த தகுதி, கைபேசியைச் சட்டைப்பையில் வைத்திருப்பவருக்கு ஏன் இல்லை? பிரித்துத் தைக்கச் சொன்ன கடைக்காரரைவிட, நட்சத்திர மதிப்பெண் குறைந்தால் கணக்கையே முடக்கும் செயலியின் பிடி இறுக்கமானது. ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது.

துண்டுக்கூலி முறையில் மேற்பார்வையாளர் தேவையற்றுப் போகிறார், உழைப்பின் வேகத்தைக் கூலிமுறையே பார்த்துக்கொள்கிறது, வேலைநாளை நீட்டுவது தன் நலன் என்று தொழிலாளியே கருதத் தொடங்குகிறார் என ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்கினார். ஊக்கத்தொகைக்கு இன்னும் நான்கு ஆர்டர் பாக்கி என்று நள்ளிரவில் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இளைஞருக்கு இதை விளக்கவே தேவையில்லை. அவர் ‘விரும்பி’ வந்த கதையும் நமக்குத் தெரியும். நாட்டின் வேலையற்றோரில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் இளைஞர்கள் என்றது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2024ஆம் ஆண்டு இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை. நிதி ஆயோக் கணக்குப்படி 2020–21இல் 77 லட்சமாக இருந்த கிக் தொழிலாளர்கள் 2029–30இல் 2.35 கோடியாவார்கள். ஆட்சியாளர்கள் இதை வேலைவாய்ப்புச் சாதனையாகக் கொண்டாடுகிறார்கள்.

நம்மிடையிலும் ஒரு தளர்வைக் காண்கிறேன். ராஜஸ்தான் 2023இல் சட்டம் இயற்றியதும், கர்நாடகம் 2025இல் நல நிதிக் கட்டணத்தோடு, நீக்குமுன் 14 நாள் முன்னறிவிப்பும் தரவேண்டும் எனச் சட்டமாக்கியதும் போராடிப் பெற்றவை, வரவேற்போம். ஆனால் நல வாரியம் அமைந்தால் கடமை முடிந்தது என்பதுபோல் சில தோழர்கள் பேசுவது சரியன்று. விபத்துக்குப் பின் வரும் உதவித்தொகை வேறு. விபத்துக்கு விரட்டும் வேகத்தைத் தடுத்து நிறுத்தும் பேரம் வேறு. 2025 டிசம்பர் 25, 31 வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு ஜனவரியில் பிளிங்கிட் ‘10 நிமிடம்’ என்ற விளம்பரத்தைக் கைவிட்டது. கிடங்கும் கூலிக்கணக்கும் அப்படியேதான் இருக்கின்றன. எனினும், ஒரு சொல்லைக் கைவிட வைக்க இரண்டு நாள் போதுமாயிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

செயலி வழித் தொழில் குறித்த உடன்படிக்கை வரும் ஜூனில் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாட்டின் முன் வருகிறது. அங்கே இந்திய அரசு இவர்களை என்ன பெயரிட்டு அழைக்கப்போகிறது என்று நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் இப்போதே கேட்கட்டும். கிளைகள் அச்சிடும் துண்டறிக்கைகளில் ‘டெலிவரி பார்ட்னர்’ என்று வரும் இடங்களில் இந்த வாரமே ‘தொழிலாளி’ என்று திருத்திவிடலாம்.