வீட்டு இசையும் வெள்ளாயணியின் தவளைகளும்

பழைய சின்தசைசர், சிறுவர்க்கென விற்கப்பட்ட கீபோர்டு, கைப்பேசியில் பதிந்த மழையொலி ஆகியவற்றைக் கொண்டு வீட்டின் ஓர் அறையிலேயே இசை அமைப்போரைப் பொதுவாக இருவகையில் எடைபோடுகின்றனர். வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் ஒருசாரார். பழமை மீதான ஏக்கம் எனப் புன்னகைப்போர் மறுசாரார். இருசாராரும் ஒன்றைக் காணத் தவறுகின்றனர். இத்தகைய இசை, ஓர் ஊரின் செவிக்கு எட்டியவற்றைப் பாதுகாக்கும் ஆவணமும் ஆகும். நீர்நிலைகளை நெருக்கிக்கொண்டு வளரும் திருவனந்தபுரத்தில் அவ்வாவணத்தின் தேவை பெரிது.

இந்திய மின்னணு இசையின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சின்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அடுத்த சில ஆண்டுகள் அக்கருவியில் சோதனைகள் செய்தனர். மாத்தூரின் ஆக்கங்களுள் ஒன்றின் பெயர் 'என் பறவைகள்'. மற்றொன்று தம்பூராவை நினைவுகூர்வது. புதிய கருவி கைக்கு வந்ததும் அம்மனிதரின் மனம் நாடியது, தன்னைச் சூழ்ந்திருந்த ஒலிகளையே.

அந்த நாடாக்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்தன. பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடியெடுத்து ஒழுங்குபடுத்திய பின்னர், 2023இல்தான் ஒரு தொகுப்பு வெளிவந்தது. அவை பிழைத்ததற்குக் காரணம், ஒரு நிறுவனத்தின் அலமாரியில் இருந்தமையே. வீட்டில் இசை அமைப்போர்க்கு அத்தகைய அலமாரி இல்லை. ஒரு வன்தட்டு பழுதானால், ஒரு கைப்பேசி தொலைந்தால், பத்தாண்டு உழைப்பு ஒரே நாளில் மறையும்.

கருவி மலிவானது என்பதால் இசையும் மலிவு என்று கருதுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. கேசியோ நிறுவனத்தின் எம்டி-40 என்னும் சிறு கீபோர்டுக்கு ஒகுடா ஹிரோகோ என்னும் இளம்பெண் அமைத்த தாளக்கட்டு ஒன்று, 1985இல் ஜமைக்காவில் வேய்ன் ஸ்மித்தின் பாடலுக்கு அடித்தளமாகி, ரெகே இசையின் போக்கையே மாற்றியது. அதே நிறுவனத்தின் எஸ்கே-1, தன் உள்ளமைந்த மைக்கின் வழியே ஒன்றரை வினாடிக்கும் குறைவான ஒலியைப் பதிந்து, அதை 32 கட்டைகளிலும் உயர்த்தியும் தாழ்த்தியும் ஒலிக்கச் செய்தது. ஒரு தவளையின் ஒற்றைக் கத்தலுக்கு அந்தக் கால அளவே போதுமானது. குறைந்த நினைவகம், எது தேவை எது தேவையற்றது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் செவியிடமே ஒப்படைத்தது.

ஆயினும் ஒரு மறுப்பைப் புறந்தள்ள இயலாது. இக்கருவிகள் பன்னிரு சமசுரங்களில் நிற்பவை. கமகம் அவற்றுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. ஸ்வாதித் திருநாளின் ஊரில் இதைக் குறையெனச் சொல்வோர்க்கு நியாயம் உண்டு. 1982இல் பம்பாயின் சரண்ஜித் சிங் தம் பத்து இராக இசைத்தட்டில் இதற்கு ஒரு விடை கண்டார். ரோலண்ட் டிபி-303 கருவி ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லக்கூடியது. அவர் அதை இராகத்துக்குப் பயன்படுத்தினார். அன்று அவ்விசைத்தட்டு விலைபோகவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்ட பின்னரே உலகம் செவிகொடுத்தது. அக்கருவியே இன்று சேகரிப்போர் சந்தையில் எட்டாத விலைக்குச் சென்றுவிட்டது. பழைய சின்தசைசர் என்பது வசதியுள்ளோர் பொழுதுபோக்காகச் சுருங்கும் ஆபத்து மெய்யானது. பரணில் கிடக்கும் சிறுவர் கீபோர்டே அதற்கு மாற்று. கடற்காற்றின் உப்பும் ஈரமும் அதன் தொடுமுனைகளை அரிக்கும்; திறந்து துடைக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் பல கருவிகள் மீளும்.

இயற்கை ஒலியைப் பொறுத்தவரை திருவனந்தபுரத்துக்கு ஒரு மரபே உண்டு. இந்நகரில் வாழ்ந்து இயங்கிவரும் அடூர் கோபாலகிருஷ்ணன் தம் 'கொடியேற்றம்' படத்தில் பின்னணி இசையையே தவிர்த்தார். சூழலின் ஒலிகளே அங்கு உணர்ச்சியைச் சுமந்தன. சூழலொலி என்பது இசையின் இடைவெளியை நிரப்பும் பஞ்சு அன்று என்பதை அப்படம் உணர்த்தியது. ஆனால் இன்றைய வீட்டு இசையில் பெரும்பாலும் நிகழ்வது வேறு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒரு நாட்டுக் காட்டின் பறவையொலி, கேரளத்து மழை என்ற தலைப்பின்கீழ் ஒலிக்கிறது. கேட்போர்க்கு வேறுபாடு தெரியாமல் போகலாம். பறவையறிந்தவர் செவிக்கு அது பொய்ச்சாட்சி.

ஆகவே மூன்று ஒழுக்கங்கள் தேவை. முதலாவது, சொந்த ஊரின் ஒலியைச் சொந்தமாகப் பதிதல். வெள்ளாயணி ஏரிக்கரையும் புஞ்சக்கரி வயல்களும் நகரிலிருந்து தொலைவில் இல்லை. சூன் மாத முதல் மழைக்குப் பின் அங்கு இரவில் எழும் தவளைக் குரல்களுக்கு எந்த ஒலிக்கோப்பும் ஈடாகாது. பதிந்த குரலை அங்கேயே மீண்டும் ஒலிக்கவிட்டுப் பறவைகளை அழைப்பது மட்டும் தகாது. இனப்பெருக்கக் காலத்தில் அது அவற்றை அலைக்கழிக்கும். இரண்டாவது, இடம், நாள், நேரம், வானிலை ஆகியவற்றைக் குறித்துவைத்தலும், இசையில் கலக்கும் முன் மூலப்பதிவை வெட்டாமல் சுருக்காமல் தனியே காத்தலும். மூன்றாவது, அவற்றின் படியொன்றைப் பொது நிறுவனம் ஒன்றில் ஒப்படைத்தல். பாளையத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழக நூலகம் போன்றவை ஏடுகளையும் இதழ்களையும் காப்பதுபோல் இப்பதிவுகளுக்கும் ஓர் அடுக்கு ஒதுக்குவது பெருஞ்செலவன்று. மனம் இருந்தால் போதும்.

வயல் மேடாகலாம், மேட்டில் அடுக்ககம் எழலாம். அங்கு முன்பு என்ன ஒலித்தது என்று வருங்கால ஆய்வாளர் ஒருவர் வினவும்போது அரசு வரைபடம் வயலின் பரப்பளவை மட்டும் காட்டும். ஒரு சிறுவர் கீபோர்டின் எளிய மெட்டுக்குப் பின்னால், தேதியிட்ட தவளைக் குரல் ஒன்று மறுமொழி சொல்லக்கூடும். அதற்கேனும் அந்தப் பதிவு அழியாமல் இருக்கவேண்டும்.