தேசப்படத்தில் நம் ஊர்ப்பெயர்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் தொகையை நிறந்தீட்டிக் காட்டும் தேசப்படங்கள் இன்று அபிவிருத்திக் கூட்டங்களில் விரிக்கப்படுகின்றன. கடும் நிறமுள்ள பிரிவு கவனத்தைப் பெறுகிறது. வெள்ளையாகத் தெரியும் பிரிவில் குறையேதும் இல்லை என்று பார்ப்பவர் எண்ணிவிடுகிறார். அந்த வெள்ளை எப்படி வருகிறது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் ஒருபுறம் கிராம அலுவலர் பிரிவுகளின் எல்லைகள் இருக்கும். மறுபுறம் குடும்பங்களின் அட்டவணை இருக்கும். இரண்டிலும் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே கணனி அவற்றை இணைக்கிறது. பண்டத்தரிப்பு என்றாலும் பண்டத்தெரிப்பு என்றாலும் ஊர் ஒன்றே என்பது நமக்குத் தெரியும், கணனிக்குத் தெரியாது. 1820இல் வைத்தியர் ஜோன் ஸ்கடர் இங்கு பணியாற்ற வந்த காலத்தில் அமெரிக்க மிசனரிமார் இதனைப் 'பண்டிதெரிப்போ' என ஆங்கிலத்தில் எழுதினர். ஆங்கில எழுத்து இன்றும் ஒருசீராக இல்லை. ஓர் எழுத்து மாறினாலோ, பெயரின் முடிவில் ஓர் இடைவெளி கூடினாலோ, அட்டவணையில் குடும்பங்கள் இருந்தும் படத்தில் அப்பிரிவு வெறுமையாகிவிடும்.

எந்த ஊரைப் பதிவது என்பது இதனிலும் பெரிய கேள்வி. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்த ஒரு விவசாயக் குடும்பம் பண்டத்தரிப்பில் வாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். தற்போதைய முகவரி மட்டும் பதியப்பட்டால் பண்டத்தரிப்பின் நிறம் கடுமையாகும். தோட்டக்காணி கிடக்கும் சொந்த ஊர் வெளுத்துவிடும். உரித்தாளர் அற்ற நிலம்போல அது தோன்றும்.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலும் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, 2,176 பேர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். நிலத்துக்கு ஆட்கள் உண்டு என்பதை அந்தப் பெயர்ப் பட்டியலே காட்டியது.

ஆகவே, விபரம் திரட்ட வருபவர்களிடம் நாம் மூன்று காரியங்களைக் கேட்க வேண்டும். இருக்கும் ஊரையும் விட்டு வந்த ஊரையும் தனித்தனி நிரலில் எழுதச் சொல்வோம். பெயரோடு, 'ஜே' என்ற எழுத்தில் தொடங்கும் கிராம அலுவலர் பிரிவு இலக்கத்தையும் பதியச் சொல்வோம். எழுத்துப் பிழை அதனால் குறையும். விபரம் கிடைக்காத பிரிவைக் கோடிட்டுக் காட்டி, எவரும் இல்லாத பிரிவிலிருந்து வேறுபடுத்தச் சொல்வோம்.

நம் பங்கும் உண்டு. உறுதியிலுள்ள காணிப் பெயரையும் பரப்புக் கணக்கையும் இலக்கத்தோடு எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்து வைப்போம். படம் வரைபவர் நம் ஊரைக் கண்டதில்லை; நாம் சொல்லாததை அவர் எப்படி வரைவார்?