காஞ்சா சரியாப் போயிடுமா?

"நல்லா வெயில்ல காயட்டும் சார், அப்புறம் மெயினைப் போட்டுக்கலாம்." வெள்ளம் வடிந்த ஊர்களில் எல்லாம் இந்த ஒரே வைத்தியம்தான். 2015-இல் அடையாற்றங்கரைத் தெருக்களில் கேட்டது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பள்ளிக்கரணையிலும் முடிச்சூரிலும் கேட்டது. ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்த காயல்பட்டினத்தில் மட்டும் வேறு மாதிரியா சொல்லியிருப்பார்கள்? சுவிட்ச் பலகையைக் கழற்றித் தொங்கவிடுவார்கள், ஹேர் டிரையரால் ஊதுவார்கள், இரண்டு நாள் பொறுப்பார்கள். பிறகு மெயின். விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, எம்சிபி விழவில்லை. ஆகவே எல்லாம் சரி.

சரி இல்லை. காய்ந்தது தண்ணீர் மட்டும்தான். அது கொண்டுவந்த சரக்கு எதுவும் காய்ந்து போகவில்லை. சாக்கடையும் சேறும் உப்பும் கலந்த தண்ணீர் ஓரிரு நாள் நின்ற வீட்டில் ஒரு பழைய சாக்கெட்டைத் திறந்து பாருங்கள். பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். திருகாணியைத் திருப்பினால் மரைக்குள் வண்டல் நரநரக்கும். பேக்கலைட்டின் மேல் வெள்ளையாக ஒரு படலம், விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வரும். வெயில் காலத்தில் அந்தப் படலம் சாது. அடுத்த மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மெல்லக் கரண்டைக் கடத்த ஆரம்பிக்கும். கடத்தக் கடத்த அந்த இடம் கருகும். கருகிய இடம் இன்னும் நன்றாகக் கடத்தும்.

சுவரில் வெள்ளக் கோடு முழங்கால் உயரத்தில் நின்றது, சுவிட்ச் எல்லாம் அதற்கு மேலேதான் என்று நிம்மதி அடைகிறவர்களும் உண்டு. பல இழை வயரின் நுனி தண்ணீரில் மூழ்கினால், இழைகளின் இடுக்கு வழியே ஈரம் பிளாஸ்டிக் உறைக்குள் மேலேறும். சுவருக்குள் புதைத்த குழாயின் வளைவுகளில் தேங்கிய தண்ணீருக்கோ வெளியேற வழியே கிடையாது. எந்த வெயில் அங்கே போய் எதைக் காயவைக்கும்?

இந்த நம்பிக்கை இத்தனை காலம் பிழைத்திருப்பதற்குக் காரணம், அதன் விளைவு தாமதமாக வருவதுதான். களிம்பேறிய ஒரு இணைப்பில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீசர் போட்டால் ஏறக்குறைய 10 ஆம்பியர் ஓடும். கணக்குப் போட்டால் அந்த ஒரு திருகாணி முனையில் மட்டும் 50 வாட் சூடு, மூடிய பெட்டிக்குள். அன்றைக்கே தீப்பிடிக்காது. உறை இளகும், இணைப்பு இன்னும் தளரும், சித்திரையில் ஏசி ராப்பகலாக ஓடும்போது ஒரு நாள் புகையும். அப்போது யாருக்காவது டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வருகிறதா? "ஷார்ட் சர்க்யூட்" என்பார்கள், "வோல்டேஜ் ஏறி இறங்குச்சு" என்பார்கள், ஏசி கம்பெனியைத் திட்டுவார்கள். வெள்ளம் வழக்கிலிருந்து விடுதலை.

எம்சிபி விழவில்லையே என்ற வாதத்துக்கு வருவோம். எம்சிபி வயரைக் காக்க வந்தது, ஆளைக் காக்க அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி என்றால் 16,000 மில்லி ஆம்பியர் வரை அது கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கும். மனிதனுக்குப் பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர் போதும், பிடித்த பிடியை விட முடியாது. அதைவிடச் சில மடங்கு கூடினால் இதயத்தின் துடிப்பே குலையும். இத்தனைக்கும் அந்த எம்சிபியே வெள்ளத்தில் மூழ்கியிருந்தால், உள்ளே வண்டல் ஏறி, விழ வேண்டிய நேரத்தில் விழாமலும் போகலாம். மூழ்கிய பிரேக்கரைக் கழுவித் துடைத்துப் பயன்படுத்தாதே, மாற்று என்று அமெரிக்க மின்கருவித் தயாரிப்பாளர் சங்கமான நேமாவே சொல்கிறது. நம் ஊரில் அதற்கும் ஹேர் டிரையர்தான்.

பழைய வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் வெள்ளமே தேவையில்லை, மாடி ஒழுகினால் போதும். மரக்கட்டை மேல் ஓட்டிய ரப்பர் வயர், அதன் மேல் நூல் பின்னல். நூல் ஈரத்தை உறிஞ்சும், வயதான ரப்பர் தொட்டாலே உதிரும். பீங்கான் ஃபியூஸில் மெல்லிய கம்பிக்குப் பதில் யாரோ எப்போதோ முறுக்கிவைத்த தடித்த செம்புக் கம்பி. எர்த் வயர் கிடையாது. சில இடங்களில் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கும்: அணைத்த விளக்கின் ஹோல்டரிலும் 230 வோல்ட் உட்கார்ந்திருக்கும். ஓதம் ஏறிய சுவரில் கை வைத்தால் "சுர்"ரென்கிறது என்று சொன்னால், செருப்புப் போட்டுக்கொண்டு சுவிட்சைத் தொடச் சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

புத்திசாலித்தனமாக ஆர்சிசிபி போட்ட வீடுகளின் கதை வேறு. உள்ளே போகிற கரண்டுக்கும் திரும்பி வருகிற கரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். வெள்ளத்துக்குப் பிறகு அடிக்கடி விழும். விழத்தான் வேண்டும், எங்கோ கசிகிறது. ஆனால், "தொல்லையா இருக்கு சார், நேரா கொடுத்துடலாம்" என்று அதைத் தாண்டி வயரை இணைத்துவிட்டுப் போகிறார்கள். திருடனைப் பார்த்துக் குரைத்த நாயை விரட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற வேலை இது. எர்த் இல்லாத பழைய வீட்டில் ஆர்சிசிபி வேலை செய்யாது என்பதும் கட்டுக்கதைதான். ஆள் வழியாகத் தரைக்குக் கசிந்தாலும் அது துண்டிக்கும். ஷாக் அடிக்கும், ஆனால் பெரும்பாலும் உயிர் மிஞ்சும்.

எல்லா வயரையும் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கிடைத்தால் அது மெத்தைக்கும் ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குமே பற்றாது. எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும் என்று சொல்ல ஒரு கருவி இருக்கிறது, மெகர். 500 வோல்ட் கொடுத்து வயரின் காப்பை அளக்கும். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனை இணைக்கக் கூடாது. டெஸ்டர் இந்த வேலையைச் செய்யாது. கரண்ட் வந்திருக்கிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். வருகிற எலக்ட்ரீஷியனிடம் மெகர் இருக்கிறதா என்று கேளுங்கள். "அதெல்லாம் ஃபேக்டரிக்கு சார்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். நனைந்த சுவிட்சும் சாக்கெட்டும் எம்சிபியும் மட்டும் யோசிக்காமல் குப்பைக்குப் போகட்டும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் இன்வெர்ட்டரை அணைத்து, பேட்டரி வயரையும் கழற்றுங்கள். இபி ஃபியூஸைப் பிடுங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் கை வைக்கும் இடத்தில் இன்வெர்ட்டர் அதே 230 வோல்ட்டை அனுப்பிக்கொண்டிருக்கும்.

வாடகை வீட்டில் இதையெல்லாம் யார் செய்வது என்று கேட்பீர்கள். வீட்டுக்காரர்தான். வெள்ளக் கோட்டின் மேல் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்துவிட்டு "வீடு ரெடி" என்கிறவரிடம் மெகர் அளவு எத்தனை என்று கேளுங்கள். விழித்தால், ஆர்சிசிபியை நீங்களே வாங்கி மாட்டிவிட்டு, ரசீதைக் கொடுத்து அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.