விற்றுமுதல் வருமானமன்று

தில்லி கிட்வாய் நகர்க் குடியிருப்புகளின் வாயிலில் நிற்கும் காய்கறித் தள்ளுவண்டியிலும், துணி தேய்க்கும் மேசையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. 2016 பணமதிப்பிழப்புக்குப் பின் டிஜிட்டலுக்கு மாறுங்கள் என்று ஒன்றிய அரசு செய்த ஓயாத பிரச்சாரத்தின் விளைவு அது. இன்று அதே அட்டை வரி நோட்டீசைக் கொண்டுவருமோ என்பது சிறு வணிகரின் அச்சம்.

அச்சம் காரணமற்றதன்று. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளைக் கொண்டு ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீசு அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரியிடம் கேட்கப்பட்டது 29 லட்சம் ரூபாய். நான்காண்டுகளில் அவர் கணக்கில் வந்தது 1.63 கோடி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 11,000 ரூபாய் விற்பனை. பதப்படுத்தாத காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பதைத் துறை அறியாதா? கடையடைப்பு அறிவிப்புக்குப் பிறகே முதலமைச்சர் சித்தராமையா பழைய பாக்கி வசூலிக்கப்படாது என்றார்.

இரண்டு வரிகளையும் பிரித்தறிய வேண்டும். ஜிஎஸ்டிக்கு அளவுகோல் ஆண்டு விற்றுமுதல். தில்லியிலும் தமிழ்நாட்டிலும் பொருள் விற்பனை மட்டுமெனில், தமிழ்நாட்டு வரம்பும் தில்லி வரம்பும் 40 லட்சம். சேவைக்கு 20 லட்சம். இட்லிக் கடை சேவைக் கணக்கில் சேரும் என்பதைத் தோழர்கள் பலர் அறியார். வரிவிலக்குள்ள பொருளை மட்டும் விற்பவர்க்குப் பதிவே வேண்டியதில்லை.

வருமானவரிக்கு அளவுகோல் செலவு போக எஞ்சுவது. கணக்கேடு வைத்திராத சிறு வணிகர், டிஜிட்டல் விற்பனையில் 6 விழுக்காட்டையும், ரொக்க விற்பனையில் 8 விழுக்காட்டையும் வருமானமாகக் காட்டச் சட்டம் இடமளிக்கிறது. யுபிஐயில் 20 லட்சம் வந்தால் வருமானம் 1.2 லட்சம். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தொழில் வருமானம் 12 லட்சம் வரை வரியில்லை.

இந்த அளவுகோலை ஹாவேரிக்குப் பொருத்துவோம். 1.63 கோடியில் 6 விழுக்காடு 10 லட்சத்துக்கும் குறைவு. கேட்ட வரியோ அதில் ஏறத்தாழ மும்மடங்கு! வாங்குபவரிடம் வசூலித்துச் செலுத்தும் வரி ஜிஎஸ்டி. நான்காண்டுக்கு முன் தக்காளி வாங்கியவரை இன்று எங்கே தேடுவது?

2015இல் சொத்துவரியை ஒழித்து, 2019இல் கம்பெனி வரியை 30இலிருந்து 22 விழுக்காடாக்கிய ஒன்றிய அரசு பெருமுதலாளிகளிடம் காட்டிய பெருந்தன்மை நினைவிருக்கிறது. யுபிஐ வரவை மட்டும் ஆதாரமாக்கி வரி விதிப்பதைச் சட்டப்படி தடைசெய்ய வேண்டும். நோட்டீசு பெற்றவர் அதை ஒதுக்கிவைக்காமல், கொள்முதல் சீட்டுகளுடன் கெடுவுக்குள் பதிலளிக்கக் கிளைத் தோழர்கள் உடனிருந்து உதவ வேண்டும்.