சொத்து வரி: அரையாண்டுக்கு ஒருமுறை வரும் சுமை

2022 ஏப்ரல் முதல் நாள். தமிழகத்தின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அனைத்திலும் சொத்து வரி உயர்கிறது என்ற அறிவிப்பு வெளியானது. இரண்டு நாளில் ரமலான் பிறந்தது. கொரோனா ஊரடங்கில் இழந்த வேலையும் வருமானமும் இன்னும் முழுதாகத் திரும்பாத நேரம் அது. எதிர்க்கட்சிகள் போராடின, அரசு விளக்கம் தந்தது, பிறகு பேச்சு அடங்கிவிட்டது. வரி மட்டும் அடங்கவில்லை.

சிவகாசி, திருத்தங்கல், விருதுநகர் வட்டாரத்தில் சொந்த வீடு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள் அல்ல. பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் அச்சகத்திலும் உழைத்துச் சேர்த்த பணத்திலோ, வளைகுடாவில் இருந்து மகன் அனுப்பிய பணத்திலோ கட்டிய வீடுகள் அவை. வீடு இருக்கிறது என்பதற்காகக் கையில் காசு இருக்கிறது என்று அர்த்தமில்லை. சொத்து வரியின் அடிப்படைச் சிக்கலே இதுதான். வருமான வரி, வருமானம் வந்தால்தான் வரும். சொத்து வரி, வேலை இல்லாத மாதத்திலும் வரும்.

எவ்வளவு உயர்ந்தது?

சென்னை தவிர்த்த ஊர்களில் குடியிருப்புகளுக்கான உயர்வு பரப்பளவை வைத்து நிர்ணயிக்கப்பட்டது. 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம். வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம்.

அரசின் தரப்பிலும் நியாயம் உண்டு. சென்னையில் 1998-க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் வரி சீராய்வு நிலைக்கவில்லை. 2018-இல் உயர்த்தியதை 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் 15-ஆவது நிதி ஆணையம், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் நிர்ணயித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப உயர்த்தினால்தான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று நிபந்தனை போட்டது. பல ஆண்டுகள் தேர்தலுக்குப் பயந்து தொடாமல் விட்டதை ஒரே நாளில் மக்கள் தலையில் இறக்கினார்கள் என்பதே உண்மை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறியிருந்தால் இந்த அதிர்ச்சி இருந்திருக்காது.

இப்போது அதுவும் தொடங்கிவிட்டது. 2023 விதிகளின் வழியே ஆண்டு உயர்வு வந்தது. 2024-இல் சென்னை மாநகராட்சி 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அரையாண்டுக்கு 1,200 ரூபாய் கட்டிய வீடு 2022-இல் 1,800 ஆனது. ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 2,400, பன்னிரண்டு ஆண்டில் 3,600. இதோடு நூலக வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடை, குப்பைக் கட்டணம் தனி.

கூட்டு வீட்டுக்குக் கூடுதல் அடி

நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. வாப்பா கட்டிய 1,900 சதுர அடி வீட்டில் மூன்று பிள்ளைகள் மூன்று குடும்பமாக இருக்கிறார்கள். வரி விதிப்பு எண் ஒன்றுதான், அதுவும் மவுத்தாகிப்போன வாப்பாவின் பெயரில். வரிக் கணக்கு பார்ப்பது சதுர அடியை, குடும்பங்களை அல்ல. ஆகவே 100 சதவீத உயர்வு. பழைய வரி 2,400 என்றால் புதியது 4,800, ஆளுக்கு 1,600. அதே வீடு 633 சதுர அடி வீதம் மூன்று தனி வீடுகளாகப் பதிவாகியிருந்தால் உயர்வு 50 சதவீதம்தான், ஆளுக்கு 1,200.

தனி வாசல், தனிச் சமையல், பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் தனி வரி எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. வரியைக் குறைக்கும் அவசரத்தில் சகோதரிகளின் பங்கை விழுங்கிவிடக் கூடாது. வீட்டை ஆண்மக்கள் பெயரில் மட்டும் பிரித்து எழுதும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அது ஷரீஅத்துக்கும் முரண், சட்டத்திலும் நிற்காது. வரி ரசீதில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ரசீது, வரி கட்டியதற்கான சான்று மட்டுமே.

பள்ளிவாசல் கட்டடத்துக்கு வழிபாட்டுத்தலம் என்ற முறையில் விலக்கு உண்டு. பள்ளிக்குச் சொந்தமான வாடகைக் கடைகளுக்கு அது பொருந்தாது. பழைய வாடகையே ஓடினால், உயர்ந்த வரி பள்ளியின் வருமானத்தைத்தான் தின்னும்.

ஆனைக்குட்டத்தின் கேள்வி

திருத்தங்கலுக்குப் பக்கத்தில், அர்ச்சுனா ஆற்று அணையால் பெயர் தெரிந்த ஊர் ஆனைக்குட்டம். விருதுநகருக்குக் குடிநீர் தரும் அணை அது. 2021-இல் சிவகாசி, திருத்தங்கல் நகராட்சிகள் இணைந்து மாநகராட்சி உருவானதில் இருந்து, சுற்றியுள்ள ஊராட்சிகளில் எல்லாம் ஒரே கேள்வி: நம் ஊரும் நகரத்தோடு போய்விடுமா?

2025 தொடக்கத்தில் பல நகரங்களோடு ஊராட்சிகளை இணைக்கும் முடிவு வெளியானபோது தமிழகத்தின் பல கிராமங்களில் மக்கள் எதிர்த்ததற்குக் காரணம் இரண்டு. வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போகும். தண்ணீரும் சாலையும் விளக்கும் வந்த பிறகு வரி கேட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. வசதி வரும் முன்னே வரிச் சீட்டு வருவதுதான் கோபத்துக்குக் காரணம்.

என்ன செய்யலாம்?

கேரளத்திலும் ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு உண்டு. ஆனால் 2023 முதல் 60 சதுர மீட்டர், அதாவது 645 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு அங்கே வரி இல்லை. டெல்லி மாநகராட்சியில் மூத்த குடிமக்கள், பெண்கள் பெயரிலுள்ள வீடுகளுக்கு 200 சதுர மீட்டர் வரை 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. தமிழகத்தில் 600 சதுர அடிக்குள் வாழும் விதவைக்கும் 25 சதவீத உயர்வுதான் கிடைத்தது. சிறு வீடுகளுக்கு விலக்கு, வருமானமில்லாத முதியோருக்குத் தள்ளுபடி என்ற இரண்டு கோரிக்கைகளை எல்லாக் கட்சிகளிடமும் வைக்கலாம்.

நம் கையில் இருப்பவையும் சில உண்டு. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. அக்டோபர் தவணைக்குத் தீபாவளி போனஸ் கைகொடுக்கும். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக்கிடக்கும் வாரங்களுக்குத் தள்ளிப்போட்டால் ஊக்கத்தொகையும் போகும், கையில் காசும் இருக்காது. ஏப்ரல் தவணைக்கு மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்குவதே வழி.

வரிச் சீட்டில் உள்ள சதுர அடியை உங்கள் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குடியிருப்பு வணிகம் என்று பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தவறு இருந்தால் நோட்டீஸில் குறித்த காலத்துக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். இதைத் தனியாகச் செய்யத் தெரியாத முதியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். ஜுமுஆ முடிந்ததும் ஜமாஅத் அலுவலகத்தில் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் அமர்ந்து ரசீதுகளைச் சரிபார்த்துக் கொடுத்தாலே பல வீடுகளின் சுமை குறையும்.

வரி கட்டுவது கடமை. கட்டிய வரிக்குக் கணக்குக் கேட்பது உரிமை. வார்டு கூட்டத்திலும் கிராம சபையிலும் நம் இருக்கை காலியாக இருந்தால், அந்தக் கேள்வியை நமக்காக வேறு யாரும் கேட்கப் போவதில்லை.